நாலாவது எலுமிச்சம்பழம்

செல்வக்குமாரின் வெள்ளை மாருதிக்குத் தொண்டை கட்டியிருந்தது. நாற்பதுக்கு மேல் மிதித்தால் பின்னால் இடது சக்கரத்திலிருந்து ‘ஊம்ம்ம்’ என்று ஒரு ராகம் கிளம்பும். அறுபதைத் தொட்டால் உள்ளே இருப்பவர்கள் சைகையில்தான் பேசிக்கொள்ள வேண்டும். பிரேக்கை மிதித்தால் ராகம் நின்று, அடிப்பிடித்த பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் கேட்கும். இருபத்தைந்து வருடம் ஓடிய வண்டி. பேரிங் தேய்ந்துவிட்டது, பிரேக் லைனர் கரைந்துவிட்டது என்பது மதுரை கே.கே. நகரில் அவர் தெரு நாய்களுக்குக்கூடத் தெரியும். செல்வக்குமார் மட்டும் அதை ‘இன்ஜின் பவர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். ஊரார் காகிதத்தையெல்லாம் பார்த்து ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே பழகிய கைக்கு, சொந்த வண்டியைப் பார்த்து ‘சரியில்லை’ என்று எழுத வரவில்லை.

தங்கை பாண்டீஸ்வரியின் வீட்டுக்காரர் அழகுராஜா பத்திரிகை வைக்க வந்த அன்றைக்குத்தான் விவகாரம் பெரிதானது. எழுமலையில் அவர்கள் மகள் முத்துமீனாவுக்குக் காதணி விழா. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமன் சீரோடு வந்து சம்மணம் போட்டு உட்காரும்வரை ஆசாரி ஊசியைத் தொட மாட்டார். அந்த மாமன், செல்வக்குமார்.

அழகுராஜா புதுக் கார் வாங்கியிருந்தார். அது வந்ததே தெரியவில்லை. வாசலில் நிழல் மாதிரி நின்றது. அதிலிருந்து இறங்கியவர், போர்டிகோவில் நின்ற மாருதியை ஒரு நலம் விசாரிக்கிற பார்வை பார்த்தார்.

“மச்சான், இதுலயா வாரீக? ரொம்ப நல்லதாப் போச்சு. நீங்க செக்கானூரணியில வரும்போதே நாங்க எழுமலையில இலை போட்டுரலாம். சத்தம் கேட்டுரும்ல?”

கூட வந்திருந்த பாண்டீஸ்வரி சிரிப்பை முந்தானைக்குள் அமுக்கினாள். செல்வக்குமாரின் மனைவி நாகஜோதி அந்தச் சிரமத்தையெல்லாம் மேற்கொள்ளவில்லை. சத்தமாகவே சிரித்தாள்.

“வழியில நின்னுபோச்சுன்னா ஒரு போன் போடுங்க மச்சான்,” என்றார் அழகுராஜா. “உங்க பெரியப்பா மகன் சூரியபிரகாஷ் எங்க தெருவுலதான் இருக்காரு. மாமன் முறைதான். மடி அவருக்கும் இருக்கு.”

செல்வக்குமார் எழுந்து நின்றார். அலுவலகத்தில் ஆய்வுக்கு வருகிற மேலதிகாரி முன்னால்கூட அவர் அப்படி எழுந்ததில்லை.

“மாப்ள, எழுதி வச்சுக்கங்க. இதே வண்டி. மெக்கானிக் ஒருத்தன் கை படாது. நானே பிரிச்சு, நானே மாட்டி, சீருக்கு முன்னால ஓட்டிட்டு வாரேன். சத்தம்னு ஒண்ணு கேட்டுச்சுன்னா எந்திரிச்சுப் போயிடறேன். சூரியபிரகாஷ் மடியிலயே குத்திக்கங்க.”

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் விழாவுக்கு அடிக்கவிருந்த ஃபிளெக்ஸுக்கு அவரே படம் எடுத்து அனுப்பினார். கறுப்புக் கண்ணாடி, மாருதியின் பானெட் மேல் ஒரு கை. பின்னணிக்கு ஒரு சிங்கத்தையும் கேட்டு வாங்கினார். வாசகமும் அவருடையதே: ‘மாமன் வண்டி வருது, ஊரே ஓரம் போ!’

சனிக்கிழமை காலை போர்டிகோவில் பழைய செய்தித்தாள் விரிந்தது. புது பேரிங் இரண்டு, லைனர், கிரீஸ், சுத்தியல் எல்லாம் வரிசையாக அமர்ந்தன. போனைச் சுவரில் சாய்த்து வீடியோவைப் போட்டார். அதில் ஒரு ஆள் வாயே திறக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். செல்வக்குமாருக்கு அது பிடிக்கவில்லை. வேலை என்றால் விளக்கம் வேண்டாமா? அந்தக் குறையைத் தீர்க்க, எதிர்வீட்டுப் பாண்டியராஜனைக் கூப்பிட்டு இன்னொரு போனைக் கொடுத்துப் படம் பிடிக்கச் சொன்னார். குடியிருப்போர் குரூப்பில் போடுவதற்கு.

“தம்பி, எந்த வேலைக்கும் ஒரு முறை இருக்கு. கழட்டுறது பெருசில்ல. எது எங்க இருந்துச்சுங்கிறதுதான் பெருசு,” என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

முறை என்றால் அலுவலக முறை. கோப்பு கட்டுகிற பச்சை டேக் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். கழற்றிய ஒவ்வொன்றிலும் ஒரு டேக்கைக் கோத்து, ஒரு துண்டுச் சீட்டைக் கட்டி, அதில் பெயர், இருந்த இடம், கீழே தன் சுருக்கொப்பம்.

“நட்டுக்கு எதுக்குண்ணே கையெழுத்து?” என்றான் பாண்டியராஜன்.

“நாளைக்கு இது அந்த நட்டு இல்லைன்னு பேச்சு வந்துறக் கூடாதுல்ல?”

“யாரு பேசுவா? நட்டா?”

செல்வக்குமார் அந்த நட்டை ஓரமாக வைத்தார். பிரேக் டிரம்மைப் பெயர்த்தெடுத்து, கவிழ்த்து வைத்து, உள்ளே சிக்கியிருந்த பழைய பேரிங்கைச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டு, ஒரு வாக்கியம் என்று போய்க்கொண்டிருந்தது. வீடியோவில் அந்த ஊமை ஆள் தட்டிக்கொண்டே இருந்தது சலிப்பாக இருந்ததால் வீடியோவை முன்னே தள்ளி ஓட்டிவிட்டார். “பிரைவேட்காரன்கிட்ட இல்லாத ஒழுங்கு நம்மகிட்ட...” என்று கேமராவுக்கு நிமிர்ந்து ஓங்கி ஒரு போடு போட்டபோது, பேரிங் கீழே விழுந்தது. அதோடு கட்டைவிரல் நீளத்தில் ஒரு இரும்புக் குழாயும் விழுந்து, உருண்டு, குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. செல்வக்குமார் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டியராஜன் செல்வக்குமாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழாய் போனதை யாரும் பார்க்கவில்லை.

மதியத்துக்குள் எல்லாம் மாட்டியாயிற்று. ஜாக்கியின் மேல் தூக்கி நின்ற சக்கரத்தைச் செல்வக்குமார் சுண்டிவிட்டார். சத்தமே இல்லாமல் சுற்றிற்று, வெண்ணெயில் சுற்றுகிற மாதிரி. நடு அச்சு நட்டை இன்னும் கையால்தான் திருகியிருந்தார் என்பதால் அது சுற்றத்தான் செய்யும். படம் குரூப்பில் ஏறியது. கைதட்டுகிற பொம்மைகள் குவிந்தன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ‘பொறியாளர்’ என்றே விளித்துவிட்டார்.

சாயங்காலம் போர்டிகோவைக் கூட்டிய நாகஜோதி தொட்டிக்குப் பின்னாலிருந்து அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஏங்க, இது உங்க வண்டிச் சாமானா?”

செல்வக்குமார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “டேக் இருக்கா?”

“இல்ல.”

“கையெழுத்து?”

“இரும்புல எங்கங்க கையெழுத்து இருக்கும்?”

“அப்ப இது நம்ம வண்டியோடது இல்ல. பிளம்பர் எவனாச்சும் போட்டுட்டுப் போயிருப்பான்.”

“நல்லாப் பாருங்க. கிரீஸா இருக்கு.”

“நாகு, என் கையைத் தாண்டி டேக் இல்லாம ஒரு குண்டூசி போகாது. எடுத்துட்டுப் போ.”

அவள் எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு அது தேவையாகவும் இருந்தது. உள்ளே சீர்த் தட்டுகள் தயாராகிக்கொண்டிருந்தன. தேங்காய்த் தட்டில் கோபுரமாக அடுக்கியதில் உச்சித் தேங்காய் மட்டும் நிற்க மாட்டேன் என்று காலையிலிருந்து அடம்பிடித்தது. குழாயைப் பாத்திரம் தேய்க்கிற பொடி போட்டுப் பளபளவென்று தேய்த்து, கோபுரத்தின் நடுவில் செருகி, அதன் வாயில் தேங்காயை உட்கார வைத்தாள். ராஜா மாதிரி உட்கார்ந்தது. மேலே கண்ணாடித்தாளைச் சுற்றி ரிப்பன் கட்டிவிட்டாள்.

வெளியே செல்வக்குமார் வண்டியைத் தரையில் இறக்கி, அந்த நட்டைக் கடைசி இறுக்கு இறுக்கினார். ஸ்பேனர் பிடியின் மேல் ஏறி நின்று, முழு எடையையும் போட்டு இறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ‘குட்டியானை’ சரக்கு வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் அழகுபாண்டி. சீர்த் தட்டுகளை ஏற்றினார்கள். செல்வக்குமார் பட்டுச் சட்டை, பட்டு வேட்டி, அந்தக் கறுப்புக் கண்ணாடி. நாகஜோதி மாருதிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாள்.

“மெதுவா எடுங்க.”

செல்வக்குமார் எடுத்தார். வண்டி முக்கியது. கொஞ்சம் அதிகம் மிதித்தார். முன்சக்கரங்களின் கீழ் இரண்டு பழங்கள் சட்டென்று நசுங்கின. பின்னால் வலது பக்கத்துப் பழமும் நசுங்கியது. நாலாவது பழம் மட்டும் நசுங்கவில்லை. சக்கரத்துக்கு முன்னால் உருண்டு போய்க்கொண்டே இருந்தது. சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டே போனது. போர்டிகோ தரையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

“நிறுத்துங்க! நிறுத்துங்க!”

செல்வக்குமார் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். “என்ன?”

“பழம் நசுங்கல.”

“நல்ல பழமா வாங்கணும்.”

“பழம் நல்ல பழந்தாங்க. சக்கரம் சுத்தல.”

அழகுபாண்டி வாயைப் பொத்திக்கொண்டான். “அண்ணே, ஹேண்ட் பிரேக் போட்ருக்கீகளோ?”

போடவில்லை. போட்டிருந்தால் வலது சக்கரமும் நின்றிருக்கும். செல்வக்குமார் இறங்கி, சக்கரத்தையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பழம் முழுசாக, மஞ்சளாக, எந்தக் குறையும் இல்லாமல் அவரைப் பார்த்தது.

“புது லைனர். கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும்,” என்றார். “நீங்க முன்னால போங்க. அஞ்சு நிமிஷம். செக்கானூரணியில உங்களைப் புடிச்சு, முந்தி, முன்னால போறேன்.”

குட்டியானை போனது. அதில் ஏறிக்கொண்ட நாகஜோதி பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனாள்.

நட்டைத் தளர்த்தினால் சக்கரம் சுற்றியது, ஆனால் ஆடியது. இறுக்கினால் ஆட்டம் நின்றது, சுற்றும் நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கும் என்று செல்வக்குமார் தேடினார். பட்டுச் சட்டையில் கிரீஸ் தேடாமலே இடம் பிடித்தது. சத்தம் கேட்டு வந்த பாண்டியராஜன் அந்த வீடியோவைத் திரும்பப் போட்டான். இந்த முறை தள்ளாமல் பார்த்தார்கள். ஊமை ஆள் பேரிங்கைத் தட்டினான். பேரிங்கோடு ஒரு குழாய் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்து, கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டி, பத்திரமாக ஓரத்தில் வைத்தான். பிறகு அதை டிரம்முக்குள் நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் புது பேரிங்கை இறக்கினான். இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளாமல் இடைவெளி விட்டு நிறுத்துகிற ஸ்பேசர் அது. அது இல்லாமல் நட்டை இறுக்கினால் இரண்டும் நெருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

“அண்ணே, இந்தக் குழாய்...”

“தெரியுது தம்பி.” செல்வக்குமார் போனை எடுத்தார். “நாகு! நேத்து நான் குடுத்த குழாய் எங்க?”

குட்டியானையின் காற்றுச் சத்தத்துக்கு நடுவில் நாகஜோதியின் குரல் கேட்டது. “நீங்களா குடுத்தீக? தேங்காய்த் தட்டுல இருக்கு. ஏன், பிளம்பர் வந்து கேக்குறாரா?”

செல்வக்குமார் போனை வைத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர் கடை ஒன்றும் திறந்திருக்காது. எழுமலையில் ஃபிளெக்ஸ் கட்டியிருப்பார்கள். சூரியபிரகாஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடியைத் தயார் செய்துகொண்டிருப்பான்.

“தம்பி,” என்றார் தணிந்த குரலில். “பாதி இறுக்கு இறுக்கி, முப்பதுலயே உருட்டிட்டுப் போனா...”

பாண்டியராஜன் சக்கரத்தைக் காலால் ஒரு ஆட்டு ஆட்டினான். அது பல் ஆடுகிற மாதிரி ஆடியது. “அண்ணே, எழுமலை போறீகளா, இல்ல மேல போறீகளா? முதல்ல அதைச் சொல்லுங்க.”

செல்வக்குமார் சக்கரத்தைப் பார்த்தார். உசிலம்பட்டி சாலையில் எதிரே வருகிற பஸ்களை நினைத்தார். மடியில் உட்காரப்போகிற முத்துமீனாவை நினைத்தார். மாருதிச் சாவியைப் பாண்டியராஜன் கையில் கொடுத்தார்.

“வண்டியை எடு. உன் வண்டியைச் சொல்றேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல விட்டுரு.”

உசிலம்பட்டி வழியாக எழுமலை போகிற பஸ்ஸில் உட்கார இடமில்லை. பட்டு வேட்டியும் முழங்கை வரை கிரீஸுமாக நின்றவருக்குக் கண்டக்டர் டிக்கெட்டை நுனிவிரலால் நீட்டினார். ஒரு கிழவர் கரிசனமாக, “பஸ்ஸுக்கு என்ன கோளாறு தம்பி? நீங்க ஏறிட்டீகல்ல, இனி போயிருமா?” என்று கேட்டார். செல்வக்குமார், “போயிரும் ஐயா,” என்றார். அன்றைக்கு அவர் சொன்ன முதல் சரியான தகவல் அதுதான்.

எழுமலையில் இறங்கினபோது மண்டபத் தெரு முனையில் மேளக்காரர்கள், வெடிக்காரர்கள், சீர்த் தட்டோடு பெண்கள், எல்லோரும் நடுச்சாலையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். நாகஜோதி தேங்காய்த் தட்டோடு நிழலில் நின்றாள். மேலே பனைமரத்து உயரத்துக்குச் செல்வக்குமாரும் சிங்கமும் நின்றார்கள்.

செல்வக்குமார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகப் பார்த்தார். வெடிச் சரத்தோடு நின்ற ஒருவர் அவரைக் கையால் ஒதுக்கினார்.

“ஓரம் போங்கண்ணே. மாமன் வண்டி வருது.”

“எந்த மாமன்?”

அவர் ஃபிளெக்ஸைக் காட்டினார். “போர்டு தெரியல? படிச்சவுகளாத்தான் இருக்கீக.”

செல்வக்குமார் ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். தானே எழுதிய வாசகம் தன்னையே ஓரம் போகச் சொன்னது.

“தம்பி, நான்தான் அந்த மாமன்.”

வெடிக்காரர் கிரீஸ் கையைப் பார்த்தார், சிங்கத்தைப் பார்த்தார். நம்பவில்லை. நாகஜோதி ஓடிவந்து, “என் வீட்டுக்காரர்தாண்ணே, வெடியைப் போடுங்க,” என்ற பிறகுதான் வெடி வெடித்தது. மேளம் முழங்க, தாய்மாமன் நடந்து வந்தார்.

மண்டப வாசலில் அழகுராஜா. “வாங்க மச்சான், வாங்க. வண்டி?”

“பின்னால இருக்கு.”

“எம்புட்டு பின்னால?”

“கே.கே. நகர்ல.”

அழகுராஜா சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாடு, மீசையில் தெரிந்தது. அங்கே சூரியபிரகாஷ் உண்மையிலேயே பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். செல்வக்குமாரைக் கண்டதும், மடியில் ஒட்டாத தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். பாண்டீஸ்வரி ஒரு சொம்புத் தண்ணீரும் சீயக்காயும் கொண்டுவந்து அண்ணன் கையில் ஊற்றினாள்.

“அண்ணே, வண்டி வராட்டி என்னண்ணே. நீ எங்க வராமப் போயிருவியோன்னுதான் பயந்துட்டேன்.”

கையைத் தேய்த்தார் செல்வக்குமார். பாதிதான் போனது.

முத்துமீனா மாமன் மடியில் வந்து உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். முதல் காதில் குத்தியதும் அவள் போட்ட சத்தத்துக்கு மாருதியின் பேரிங் எல்லாம் எந்த மூலைக்கு? இரண்டாவது காதுக்குத் தலையை ஆட்டி ஆட்டி, யாரையும் கிட்டவே விடவில்லை. பலூன் காட்டினார்கள், செல்போன் காட்டினார்கள். ஒன்றும் எடுபடவில்லை. “தேங்காய் உடைங்கப்பா, நேரம் போகுது,” என்று அழகுராஜாவின் அம்மா சோலையம்மாள் அவசரப்பட்டு, சீர்த் தட்டின் கண்ணாடித்தாளைக் கிழித்து உச்சித் தேங்காயைத் தூக்கினார்.

அதன் அடியிலிருந்து குழாய் விழுந்தது. ணங்கென்று தரையில் மோதி, பளபளவென்று உருண்டு, செல்வக்குமார் முழங்காலில் வந்து முட்டி நின்றது. பிள்ளை அழுகையை நிறுத்தி அதைப் பார்த்தாள். குனிந்து எடுத்துக்கொண்டாள். அதன் ஓட்டை வழியாக மாமனைப் பார்த்தாள். சிரித்தாள். ஆசாரி அந்தச் சிரிப்புக்குள் இரண்டாவது காதைக் குத்தி முடித்துவிட்டார்.

மைக்கில் சீர் வரிசையை அறிவித்துக்கொண்டிருந்தவர் விடுவாரா? “தாய்மாமன், மதுரை கே.கே. நகர் செல்வக்குமார் அவர்கள், மருமகளுக்கு அன்போடு அளிக்கும்... வெள்ளியில்... வெள்ளியில் ஒரு... வெள்ளிச் சாமான்!”

கூட்டம் கைதட்டியது. “எம்புட்டு கனம்!” என்று சோலையம்மாள் அதைப் பிள்ளையிடமிருந்து வாங்கித் தூக்கிப் பார்த்துப் பூரித்தார். “மாமன்னா இப்படில்ல யோசிச்சுச் செய்யணும்!”

எல்லாக் கண்ணும் செல்வக்குமார் மேல். நாகஜோதியின் கண்ணும். ஒரு வார்த்தை பேசாமலிருந்தால் போதும், வெள்ளி வெள்ளியாகவே இருந்துவிடும். அவருக்கு அது பிடிக்கவும் செய்தது. தலையை லேசாக, பெரிய மனிதர்கள் ஆட்டுகிற மாதிரி, ஒருமுறை ஆட்டியும்விட்டார். பிறகு சோலையம்மாள் அதைப் பெட்டகத்தில் வைக்க எழுந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. வெள்ளி என்றால் ஆசாரி உரசிப் பார்ப்பார். ஆசாரி பக்கத்திலேயே உட்கார்ந்து, ஏற்கெனவே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வக்குமார் மைக்குக்குக் கை நீட்டினார். “அத்தை, அது வெள்ளி இல்ல. எங்க வண்டியோட ஸ்பேசர். சக்கரத்துக்குள்ள இருக்க வேண்டியது. தேங்காய்க்குக் கீழ வந்துருச்சு. அதான் வண்டி வரல.”

 அழகுராஜாதான் முதலில் சிரித்தார். சிரிப்பில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

“மச்சான்! வண்டியோட வாரேன்னு சொன்னீக. சொன்னபடி கொஞ்சமாச்சும் கொண்டாந்துட்டீக!”

ஆசாரி சிரித்தார், சூரியபிரகாஷ் சிரித்தான், பாண்டீஸ்வரி முந்தானைக்குள் அமுக்காமல் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் செல்வக்குமாரும், வேறு வழியில்லாததால், சிரித்தார். சிரிக்க ஆரம்பித்த பிறகு அது அவ்வளவு சிரமமாகவும் இல்லை.

பந்தி முடிந்து கிளம்புகிறபோது, மறுபடி பிள்ளை கைக்கே போயிருந்த குழாயைத் திரும்ப வாங்கப் பார்த்தார். முத்துமீனா விரல்களை இறுக்கிக்கொண்டாள். அவர் ஸ்பேனர் மேல் ஏறி நின்று இறுக்கியதைவிட நல்ல இறுக்கு.

“பாப்பா, மாமாவுக்குத் தாடா. வண்டிக்கு வேணும்டா.”

“ஏங்க,” என்றாள் நாகஜோதி பின்னாலிருந்து. “அதுல டேக் இருக்கா?”

“நாகு...”

“கையெழுத்து இருக்கா? இல்லைல்ல? அப்ப அது நம்ம வண்டியோடது இல்ல. வாங்க.”

காலித் தாம்பாளங்களுக்கு நடுவே குட்டியானையின் பின்பக்கம் உட்கார்ந்து ஊர் திரும்பினார்கள். உசிலம்பட்டி தாண்டி வேகம் பிடித்ததும் அடியில் எங்கிருந்தோ மெலிதாக ‘ஊம்ம்ம்’ என்று கிளம்பியது. செல்வக்குமார் காதைத் தீட்டினார். சந்தேகமே இல்லை, பின்னால் வலது பக்கம். முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த அழகுபாண்டியிடம் சொல்ல நிமிர்ந்து, வாயைத் திறந்தார்.

நாகஜோதி அவரைப் பார்த்தாள்.

செல்வக்குமார் திறந்த வாயோடு ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, தாம்பாளத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.